கடல் விரால்: ஊசியால் வளரும் மீனா? வளர்ச்சியும் இனப்பெருக்கமும் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

ஆனையூரில் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நிறுத்திக் கேட்டார்: "ஹஜ்ரத், மீன் கடையில கடல் விரால்னு ஒண்ணு வாங்கினேன். அது ஊசி போட்டு வளக்குற மீனு, ஹார்மோன் ஊசி, அதுவும் அசுத்தத்துல இருந்து எடுத்த மருந்துன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. வீட்டுல யாரும் தொட மாட்டேங்குறாங்க. சாப்பிடலாமா, கூடாதா?"

நியாயமான கேள்வி. உண்பது ஹலாலா என்று விசாரிப்பது ஈமானுள்ள குடும்பத்தின் அடையாளம். ஆனால் ஃபத்வா கேட்கும் முன் பொருளை அறிந்துகொள்ள வேண்டும். ஒன்றின் உண்மை நிலையைச் சரியாகப் புரிந்த பிறகே அதற்குரிய சட்டத்தைச் சொல்ல முடியும் என்று மதரஸாவில் எங்கள் ஆசிரியர்கள் அடிக்கடி சொல்வார்கள். எனவே இந்த மீன் எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, அந்த ஊசி அதன் வாழ்க்கையில் எந்த இடத்தில் வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். மார்க்கத்தின் பதில் அதன் பிறகு எளிதாகிவிடும், இன்ஷா அல்லாஹ்.

எந்த மீன் இது?

மதுரைக்காரர்களுக்கு விரால் என்றால் கண்மாய் விரால்தான் நினைவுக்கு வரும். கடல் விரால் அதன் உறவு அல்ல. நீண்ட உருண்டை உடலும் தட்டையான தலையும் பார்வைக்கு விராலைப் போல இருப்பதால் வந்த பெயர் இது. கோபியா என்றும் இதைச் சொல்வார்கள். கேரளத்தில் மோதா என்பது இதுவே. 1766-ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். இன்று ராக்கிசென்ட்ரான் கனாடம் என்று வழங்குகிறது. இதன் குடும்பத்தில் இந்த ஒரே ஓர் இனம்தான் உண்டு. சுறாவின் உடலில் ஒட்டிக்கொண்டு பயணிக்கும் ஒட்டு மீன்தான் இதற்கு நெருங்கிய சொந்தம்.

முதுகு கரும்பழுப்பு, வயிறு வெண்மை, பக்கவாட்டில் வெள்ளி நிறத்தில் இரண்டு கோடுகள். குஞ்சுப் பருவத்தில் இந்தக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் மிகத் தெளிவாகத் தெரியும். செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்குள் பதிந்தவை. தடவினால் வழவழவென்று இருப்பதால் செதிலே இல்லை என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள்.

மற்ற பல மீன்களுக்கு இருக்கும் காற்றுப்பை இதற்குக் கிடையாது. அதனால் மிதந்தபடி ஓய்வெடுக்க முடியாது. நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். கிழக்குப் பசிபிக் தவிர உலகின் வெப்பக் கடல்கள் பலவற்றிலும் வாழ்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் உண்டு. திருக்கை, சுறா, ஆமை ஆகியவற்றின் பின்னாலும், கடலில் மிதக்கும் கட்டை, மிதவை ஆகியவற்றின் நிழலிலும் சுற்றித் திரியும். நண்டு என்றால் இதற்கு மிகப் பிரியம். கணவாயையும் சிறு மீன்களையும் தின்னும்.

முட்டையிலிருந்து குஞ்சு வரை

கண்மாய் விரால் தன் முட்டைகளைக் காவல் காக்கும் மீன். குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீரின் மேல்மட்டத்தில் திரியும்போது தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்பதைக் கிராமத்துப் பிள்ளைகள் அறிவார்கள். கடல் விராலின் வழி இதற்கு நேர் எதிரானது. கூடு இல்லை, காவல் இல்லை. கடல் நீர் வெதுவெதுப்பாக இருக்கும் மாதங்களில் இந்த மீன்கள் கூட்டமாகச் சேரும். பெண் மீன் முட்டைகளை நீரில் விடும். ஆண் மீன் விந்தை விடும். கருத்தரிப்பு உடலுக்கு வெளியே நீரிலேயே நடக்கும். அத்துடன் பெற்றோரின் பங்கு முடிந்தது.

ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பெரியது. அதற்குள் ஓர் எண்ணெய்த் துளி இருப்பதால் அது மிதக்கும். ஒரு பருவத்தில் ஒரே பெண் மீன் பல முறை முட்டையிட வல்லது. பெரிய மீன் ஒன்றின் முட்டைகளை இலட்சங்களில்தான் எண்ண வேண்டும்.

சுமார் ஒரு நாளில் குஞ்சு பொரிந்துவிடும். பிறந்த குஞ்சின் நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அதற்கு வாய் திறந்திருக்காது. வயிற்றோடு ஒட்டிய கருவுணவுப் பையில் உள்ள சத்தைக் கொண்டே முதல் இரண்டு, மூன்று நாட்கள் வாழும். மூன்றாம் நாளை ஒட்டி வாய் திறக்கும். அந்த நேரத்தில் வாய்க்கு அளவான நுண்ணுயிர் இரை அருகில் இல்லையென்றால் குஞ்சு இறந்துவிடும். கண், குடல், துடுப்பு எல்லாம் இதற்குப் பிறகே முழுமை பெறுகின்றன. இலட்சக்கணக்கான முட்டைகளில் முழு மீனாக வளர்வது மிகச் சிலவே. மற்றவை வேறு உயிர்களின் ரிஸ்க்காகப் போய்ச் சேருகின்றன. ஒரு முட்டைகூட வீண் இல்லை. சுப்ஹானல்லாஹ்!

ஏன் இவ்வளவு வேகமாக வளர்கிறது?

வாய் திறந்து இரை பிடிக்கத் தொடங்கியதும் வளர்ச்சி வேகம் பிடிக்கிறது. இரண்டு மாதங்களை ஒட்டி ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் நீளம், அதாவது அரைச் சாண். மண்டபம் கடலில் மிதவைக் கூண்டுகளில் வளர்த்தபோது ஆறு, ஏழு மாதங்களில் சராசரியாக இரண்டரை முதல் மூன்று கிலோ எடைக்கு வந்துள்ளது. இந்த மீன் வளர்ப்பில் முன்னோடியான தைவானில் சுமார் ஓராண்டில் ஆறு கிலோவைத் தாண்டும் அறுவடை சாதாரணம்.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, படைப்பிலேயே அமைந்த இயல்பு: பெரும் பசியும், தின்றதை விரைவாகத் தசையாக மாற்றும் உடலும். இரண்டாவது, வெப்பம். மீனின் உடல் சூடு நீரின் சூட்டைப் பொறுத்தது. வெதுவெதுப்பான நீரில் செரிமானம் வேகமாக நடக்கும். குளிர்ந்தால் தீனி குறைந்து வளர்ச்சியும் மந்தமாகும். மூன்றாவது, உணவு. ஊனுண்ணியான இந்த மீனுக்குப் புரதம் மிகுந்த தீனி வேண்டும். கூண்டில் மத்தி போன்ற சிறு மீன்களை நறுக்கிப் போடுகிறார்கள், அல்லது மீன்தூள் கலந்த தீவனம் தருகிறார்கள். ஒரு கிலோ எடை கூடப் பல கிலோ சிறுமீன் செலவாகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த வளர்ச்சி இலவசமாக வருவதில்லை.

இந்த மூன்றிலும் ஊசிக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். இம்மீன் கடலில் தானாக வளரும்போதும் இதே வேகப் போக்குதான். பெண் மீன்கள் ஆண்களைவிடப் பெரிதாக வளரும். ஆயுள் சுமார் 15 ஆண்டுகள். இரண்டு மீட்டர் நீளம் வரை வளரக்கூடியது. 1985-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் தூண்டிலில் சிக்கிய ஒரு கடல் விரால் 61.5 கிலோ எடை இருந்தது. அதற்கு யாரும் ஊசி போடவில்லை.

உடல் வளர்ச்சி வேறு, பருவமடைதல் வேறு

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. வேகமாக வளரும் மீன் என்றால் வேகமாகப் பெருகும் மீன் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல. ஆளைப் பார்த்தால் வாட்டசாட்டமாக இருக்கும் ஒரு சிறுவன் இன்னும் பாலிக் ஆகாதவனாக இருக்கலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

மெக்சிகோ வளைகுடாவில் நடந்த ஆய்வுகளின்படி ஆண் கடல் விரால் சுமார் இரண்டு வயதிலும், பெண் சுமார் மூன்று வயதிலும் பருவமடைகின்றன. வெப்பம் மிகுந்த நீரிலும் வளர்ப்பிலும் இது சற்று முன்னதாக நிகழ்வதுண்டு. அப்படியானால் ஏழு மாதத்தில் மூன்று கிலோ எடையுள்ள மீன், உடலால் பெரிது என்றாலும், வயதால் குழந்தை. அது ஒரு முறைகூட முட்டையிட்டிருக்காது. இந்த விஷயத்தை மனதில் வையுங்கள். கட்டுரையின் கடைசியில் மீண்டும் இதற்கு வருவோம்.

மண்டபத்தில் 2010-ல் நடந்தது

மதுரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது மண்டபம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறு பக்கம் பாக் விரிகுடா. 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை இங்கேதான் இருந்தது. இன்றும் அதன் மண்டல மையம் இங்கே செயல்படுகிறது.

வளர்ப்புக்குக் குஞ்சு வேண்டும். கடலிலிருந்து குஞ்சுகளைப் பிடித்து வளர்த்தால் கடலின் இருப்புதான் குறையும். எனவே குஞ்சுகளைத் தொட்டியிலேயே பெற முடியுமா என்று விஞ்ஞானிகள் முயன்றார்கள். பெரிய மீன்களைக் கடல் கூண்டுகளில் தாய் மீன்களாக வளர்த்தார்கள். 2010 மார்ச் மாதத்தில் 23 கிலோ எடையுள்ள ஒரு பெண் மீனையும் இரண்டு ஆண் மீன்களையும் பெரிய சிமெண்டுத் தொட்டியில் விட்டு, ஹார்மோன் ஊசி போட்டார்கள். இரண்டு நாட்களுக்குள் அந்த ஒரு மீன் சுமார் 21 இலட்சம் முட்டைகளை இட்டது. அவற்றில் ஏறக்குறைய 90 விழுக்காடு கருத்தரித்திருந்தன. 22 மணி நேரத்தில் சுமார் 15 இலட்சம் குஞ்சுகள் பொரிந்தன. இந்தியாவில் கடல் விரால் குஞ்சு உற்பத்தியின் தொடக்கம் இதுதான்.

பொரிந்த குஞ்சுகளுக்கு முதலில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியா என்ற சிறு இறால் வகை உயிரின் குஞ்சு, பிறகு தூள் தீவனம் என்று படிப்படியாகப் பழக்குகிறார்கள். ஒரே வயதுக் குஞ்சுகளில் பெரியது சிறியதைத் தின்றுவிடும் என்பதால் அளவு வாரியாக அடிக்கடி பிரித்து விட வேண்டும். ஓரளவு வளர்ந்த பிறகு அவை மீனவர்களின் கடல் கூண்டுகளுக்குப் போகின்றன.

அப்படியானால் அந்த ஊசி எதற்கு?

கடலில் நீரின் வெப்பம், பகலின் நீளம் போன்ற அறிகுறிகளை உணர்ந்து மீனின் மூளைக்குக் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதுவே முட்டையின் கடைசி முதிர்ச்சிக்கும் வெளியேற்றத்துக்கும் கட்டளை. அடைபட்ட மீனுக்கு இந்த அறிகுறிகள் முழுமையாகக் கிடைப்பதில்லை. முட்டை உள்ளே தயாராக இருந்தும் வெளிவராமல் நின்றுவிடும். அந்தக் கடைசிக் கட்டளையைத்தான் ஊசி தருகிறது. ஊசிக்கு முன் மெல்லிய குழாய் வழியாகச் சில முட்டைகளை எடுத்து, அவை சுமார் 0.7 மில்லிமீட்டர் அளவுக்கு முதிர்ந்துவிட்டனவா என்று பார்க்கிறார்கள். முதிராத மீனுக்கு ஊசி போட்டுப் பயனில்லை.

ஆக, ஊசி தாய்க்கும் தந்தைக்கும் மட்டும். அது முட்டையிடுவதற்கு மட்டும். நம் சட்டிக்கு வரும் மீன் அந்த முட்டையிலிருந்து பொரிந்து, பல மாதங்கள் தீனி தின்று வளர்ந்த பிள்ளை. அதை வளர்க்க ஹார்மோன் ஊசி போடுவதில்லை. "ஊசி போட்டு வளர்த்த மீன்" என்பது தவறு. "ஊசி போட்ட தாய் ஈன்ற மீன்" என்பதே சரி.

பக்கத்து வீட்டார் சொன்னதில் ஓர் உண்மையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அந்த ஹார்மோன் மனிதக் கர்ப்பத்தின்போது உண்டாவது. கர்ப்பப் பரிசோதனை அட்டையில் கோடு விழுவது அதனால்தான். கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்துச் சுத்திகரித்தே அது நெடுங்காலமாகத் தயாரிக்கப்பட்டு வருகிறது. குழந்தைப்பேறு சிகிச்சையில் பெண்களுக்கும் இதே மருந்து தரப்படுகிறது. இது புரத வகைப் பொருள். உடலில் தங்கிக் கிடக்காமல் சில நாட்களில் சிதைந்துவிடும், சமைத்தாலும் சிதையும்.

மார்க்கத்தின் பார்வை

கடலிலிருந்து புதிய மாமிசத்தை உண்ணக் கிடைப்பதை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாகத் திருக்குர்ஆனில் எடுத்துச் சொல்கிறான் (16:14). கடல் வேட்டையும் அதன் உணவும் ஆகுமாக்கப்பட்டதை மற்றொரு வசனம் அறிவிக்கிறது (5:96). நம் ஊர்களில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபினரும் இருக்கிறோம். கடல் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகும் என்ற ஹனஃபி மத்ஹபின்படியும் இது ஐயமின்றி மீன்தான். இரு மத்ஹபுகளிலும் மீனுக்குச் செதில் இருப்பது நிபந்தனையல்ல. எனவே வழவழப்பான தோலைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.

ஊசி பற்றிய கேள்விக்கு ஃபிக்ஹில் நெருக்கமான பாடம் "ஜல்லாலா", அதாவது அசுத்தத்தைத் தின்று வாழும் பிராணி. அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அசுத்தத்தின் விளைவு இறைச்சியில் வெளிப்படுவதையே, குறிப்பாக அதன் வாடை மாறுவதையே, ஃபுகஹாக்கள் இதில் கவனிக்கிறார்கள். அத்தகைய பிராணியைக் கட்டிவைத்துச் சுத்தமான தீனி கொடுத்து, அந்த விளைவு நீங்கினால் உண்ணலாம். அசுத்தமான பிராணியின் பாலைக் குடித்து வளர்ந்த ஆட்டுக்குட்டியின் இறைச்சி மாறாதிருந்தால் ஹலால் என்பதும் ஃபிக்ஹ் நூல்களில் பேசப்பட்ட சட்டமே.

நம் விஷயமோ அதைவிடத் தூரமானது. கொடுக்கப்பட்டது மிகச் சிறிய அளவு மருந்து. கொடுக்கப்பட்டது தாய்க்கு. நாம் உண்பதோ பிள்ளையை. அதன் உடல் மீனும் தீவனமும் தின்று உண்டானது. வாடையோ சுவையோ மாறவில்லை. எனவே பொரிப்பகக் குஞ்சிலிருந்து வளர்ந்த கடல் விராலை உண்பதில் தடை இல்லை என்பதே என் புரிதல். தீனியாக அசுத்தம் போட்டு வளர்க்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே ஜல்லாலாவின் சட்டம் வரும். வெறும் சந்தேகத்தை வைத்து ஹலாலை ஹராமாக்க நமக்கு அதிகாரம் இல்லை. மேலதிக விளக்கம் தேவைப்படுவோர் தம் பகுதி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கூண்டில் மீன் வளர்க்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கூண்டில் தானாகச் செத்து மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹபில் உண்ணக் கூடாது. வெளிக்காரணம் ஒன்றால் இறந்தது என்றால் சட்டம் வேறு. ஷாஃபிஈ மத்ஹபில் இறந்து மிதந்த மீனும், கெட்டுப்போய்த் தீங்கு தருவதாக இல்லாதவரை, ஆகும். வாங்குபவர் எந்த மத்ஹபினர் என்று நமக்குத் தெரியாது. எனவே செத்து மிதந்ததை உயிரோடு பிடித்த மீன்களுடன் கலந்து விற்காமல் இருப்பதே அமானிதம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது எது?

ஊசியைப் பற்றிக் கவலைப்படும் நாம், கவலைப்பட வேண்டிய வேறொன்றைக் கவனிப்பதில்லை. கூண்டில் வளர்ந்த மூன்று கிலோ மீனை அறுவடை செய்தால் கடலுக்கு இழப்பில்லை. அதன் தாய் தொட்டியில் இருக்கிறது. அடுத்த குஞ்சுகள் அங்கிருந்து வரும். ஆனால் அதே மூன்று கிலோ மீனைக் கடலிலிருந்து பிடித்தால், ஒரு முறையும் முட்டையிடாத மீனைப் பிடித்துவிட்டோம் என்று பொருள். 23 கிலோ தாய் ஒரே இரவில் இட்ட முட்டைகளை நினைத்துப் பாருங்கள். குட்டி மீனோடு நாம் இழப்பது அந்த வாய்ப்பைத்தான்.

இனப்பெருக்கத்துக்கு அவகாசம் தரவே தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கிய இந்தத் தடை, 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. அந்த மாதங்களில் மதுரையில் மீன் விலை ஏறும்போது நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த 61 நாட்களும் வருமானத்தை இழந்து கரையில் காத்திருக்கும் மீனவக் குடும்பங்களில் நம் சகோதரர்களும் இருக்கிறார்கள். அவர்களின் பொறுமையில் நமக்கும் பங்கு வேண்டும். அல்லாஹ் வானத்தை உயர்த்தித் தராசை வைத்தான், அதில் வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்து சூரத்துர் ரஹ்மானில் வருகிறது (55:7-8). கடலிலும் அந்தத் தராசு உண்டு.

வாங்கும்போது கவனிக்க

* கடல் மீனா, கூண்டு மீனா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் சொல்பவர்களும் கூடுவார்கள்.
* கடலில் பிடித்ததாக இருந்தால் மிகச் சிறிய கடல் விராலைத் தவிர்த்து, பெரிய மீனின் துண்டை வாங்குங்கள்.
* முழு மீனாக வாங்கினால் கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். துண்டாக வாங்கினால் சதை விரலுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.
* தடைக்காலத்தில் கூண்டு மீனையும் கண்மாய் மீனையும் சமைத்துப் பழகுங்கள்.
* தேவைக்கு மேல் வாங்கி வீணாக்காதீர்கள். உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் என்பதே நமக்கு இடப்பட்ட கட்டளை (7:31).

கேள்வி கேட்ட சகோதரரிடம் சுருக்கமாக இதைத்தான் சொன்னேன்: "மீனை வீணாக்காதீங்க பாய், ஆக்கிச் சாப்பிடுங்க. சந்தேகம் சொன்னவங்க வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்புங்க. ஊசி யாருக்குப் போட்டாங்கங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க."

நாம் உண்பதைத் தூய்மையானதாகவும், நம் பிள்ளைகளுக்கும் மிச்சம் வைப்பதாகவும் ஆக்கிக்கொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.